பிராணவாயுவும் உயிரணுக்களின் உழைப்பும்

கலயத்துக்குள் நிகழ்வது

திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டானை விட்டு வடக்கே செல்லச் செல்லச் சிற்றாற்றின் ஈரம் குறைந்து, பனைகள் நிறைந்த மானாவாரி பூமி விரிகிறது. அங்கே பாளை சீவிக் கட்டிய கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் மறுநாட் காலையில் இறங்குவது பதநீர், தடவாதிருந்தால் கள். பிராணவாயு போதாத அந்த இனிப்பு நீருக்குள் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், சர்க்கரையை அரைகுறையாகச் சிதைத்து, தன் ஜீவிதத்துக்கு வேண்டிய சொற்ப சக்தியைப் பெற்றுக்கொண்டு, சாராயத்தையும் கரியமிலவாயுவையும் கழிவாக விடுகிறது; சுண்ணாம்பின் காரம் அதன் பெருக்கத்தைத் தடுத்துவிடுகிறது. இவ்வாறு காற்றின்றியும் உயிர் நடக்கும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கியவர் லூயி பாஸ்டர்.

உயிரணுவின் இரு வழிகள்

நம் தேகத்தின் அணுக்களும் இவ்வித்தையை அறிந்தவையே. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முதலில் பிராணவாயுவின் துணையின்றியே பைருவிக் அமிலமாகப் பிளவுபடும்போது கிட்டும் லாபம், ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருளில் 2 மூலக்கூறுகள் மாத்திரமே. பிராணவாயு கிடைக்குமாயின் அவ்வமிலம் உயிரணுவின் சக்திக்கூடமான மைட்டோகாண்டிரியாவினுள் புகுந்து, ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் விளக்கிய சுழற்சியில் முழுமையாகச் சிதைந்து, கரியமிலவாயுவும் நீருமாக முடிவதற்குள் மொத்தம் ஏறத்தாழ 30 ஏ.டி.பி. திரண்டுவிடுகிறது. கிடைக்காவிடில் அது லாக்டிக் அமிலமாகி அத்துடன் நின்றுவிடுகிறது.

அந்த ஏ.டி.பி.யை 1929-இல் கண்டறிந்தவர்களுள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறி, பின்னர் ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்த எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக விளங்க வேண்டும்.

மூச்சு வாங்குவது ஏன்?

பனையேறி விரைந்து ஏறும்போது, இரத்தம் கொணரும் பிராணவாயு அவருடைய தொடைத் தசைகளுக்கு உடனே போதுவதில்லை. சுப்பாராவும் ஹார்வர்டில் அவருடன் ஆராய்ந்த பிஸ்கேயும் 1927-இல் கண்டறிந்த பாஸ்போகிரியேட்டின் என்னும் தசையின் சேமிப்புச் சக்திப் பொருள் சில விநாடிகள் கைகொடுக்கிறது. அதன்பின் லாக்டிக் அமிலம் சேர்கிறது. இறங்கியபின் அவருக்கு மூச்சு வாங்குவது, தசைகள் அவ்வாறு பட்ட கடனை அடைக்கும் பொருட்டே. இவ்வமிலத்தை விஷமென்று அஞ்ச வேண்டியதில்லை. இருதயம் அதை எரிபொருளாக ஏற்கிறது, ஈரல் மீண்டும் சர்க்கரையாக்குகிறது. மறுநாள் தோன்றும் தசைவலியோ பழக்கமில்லாத உழைப்பால் நேரும் நுண்ணிய சேதமேயன்றி இதன் விளைவன்று. பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் நித்தியம் அரைமணி நேரம் நடப்பவர்களுக்கு மைட்டோகாண்டிரியாவும் தசைக்குள் ஓடும் நுண்குழாய்களும் பெருகுவதால், அதே வேலையைக் குறைந்த இளைப்போடு செய்ய முடிகிறது.

இரத்தம் குன்றினால்

வாயு நுரையீரலுக்கு வந்தால் மட்டும் போதாது. அதைச் சுமக்க ஹீமோகுளோபின் வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். நாலு படி ஏறினாலே இளைக்கிறது என்று ஒரு தாய் சொன்னால், அதை வயதின் மேலோ சோம்பலின் மேலோ சுமத்துவது அநியாயம். முருங்கைக்கீரை நல்லதே, ஆனால் சோகை முற்றியபின் கீரை மாத்திரம் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைப் பரிசோதித்து, தரப்படும் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும்.

கடன்பட முடியாத உறுப்புகள்

தொடைத்தசை பொறுக்கும் தட்டுப்பாட்டை மூளையும் இருதயமும் பொறுப்பதில்லை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் கொள்ளும் பிராணவாயுவில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. இரத்த ஓட்டம் நின்றால் சில நிமிஷங்களில் சேதமடையத் தொடங்குகிறது. மாரடைப்பில் குழாய் அடைபட்ட பகுதியின் தசை, நேரம் ஆக ஆக மடிந்துகொண்டே போகிறது. ஆகவே நெஞ்சில் பாரமும் வியர்வையும் இடக்கையில் வலியும் கண்டால், வாயுப்பிடிப்பு என்று சோடாவும் இஞ்சிச்சாறும் கொடுத்துக் காத்திராமல், உடனே 108-ஐ அழைக்க வேண்டும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கங்கைகொண்டானிலிருந்து எட்டாத தொலைவில் இல்லை.