நெட் வரலையா? கை வைப்பதற்கு முன் இரண்டு கேள்வி

"நெட் வரல." இந்த இரண்டு வார்த்தைக்குள் குறைந்தது ஐந்தாறு தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. மென்பொருள் துறையில் இருப்பவன் என்பதால் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பழைய நண்பர்கள் என்று பலரும் இந்த இரண்டு வார்த்தையோடு எனக்குப் போன் செய்வார்கள். அப்படி வரும் அழைப்புகளைச் சில வருடங்களாக ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன்: அவங்க என்ன சொன்னாங்க, உண்மையில் கோளாறு எங்கே இருந்தது, எதைச் செய்ததும் சரியாச்சு.

அந்த நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. பெரும்பாலும் கோளாறு சின்னது. ஆனால் போன் செய்வதற்கு முன்பே அவங்க நாலைந்து வைத்தியம் பார்த்து முடித்திருப்பாங்க. எங்கே வலி என்று தெரியாமல் பார்த்த அந்த வைத்தியத்தில் ஒன்றிரண்டு புது நோயைக் கொண்டுவந்திருக்கும்.

குழாயில் தண்ணி வரலைன்னா நாம உடனே குழாயைக் கழற்றுவதில்லை. அடுப்படிக் குழாயில் வருதா, டேங்கில் இருக்கா, பக்கத்து வீட்டில் வருதா என்று பார்ப்போம். இன்டர்நெட்டுக்கும் அதே வழிதான்.

தண்ணி வரும் பாதை

நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டி என்டர் அழுத்தியதும் அந்தக் கோரிக்கை வரிசையாகச் சில இடங்களைக் கடக்கிறது. முதலில் உங்கள் பிரவுசர். அடுத்து உங்கள் போன் அல்லது கணினியின் வைஃபை. பிறகு வீட்டு ரவுட்டர். அங்கிருந்து கேபிள் வழியாக இணைய சேவை நிறுவனம். நடுவில், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ். கடைசியில் அந்தத் தளத்தின் சர்வர்.

இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றே: பக்கம் திறக்கல. வைஃபை அடையாளத்தில் எல்லாக் கோடும் நிறைஞ்சிருக்கே என்று பலர் கேட்பாங்க. அந்தக் கோடுகள் உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள அலையின் பலத்தை மட்டும்தான் சொல்லும். ரவுட்டருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு அதற்குத் தெரியாது.

இரண்டு கேள்விகள்

எதையும் தொடுவதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்க. வேறு தளம் திறக்குதா? வேறு கருவியில் திறக்குதா? விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

1. ஒரு தளம் மட்டும் திறக்கல, எல்லாக் கருவியிலும் திறக்கல, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பார்த்தாலும் திறக்கல: கோளாறு அந்தத் தளத்தில். நீங்கள் செய்ய எதுவும் இல்லை.

2. ஒரு தளம் மட்டும், அதுவும் ஒரு கருவியில் மட்டும் திறக்கல: பெரும்பாலும் பிரவுசர்.

3. ஒரு கருவியில் எந்தத் தளமும் திறக்கல, மற்ற கருவிகளில் எல்லாம் வருது: அந்தக் கருவியின் அமைப்பு.

4. வீட்டில் எந்தக் கருவியிலும் எதுவும் வரல: ரவுட்டர் அல்லது வெளியே இருந்து வரும் லைன்.

5. வீட்டு வைஃபையில் சில தளங்கள் திறக்கல, அதே தளங்கள் மொபைல் டேட்டாவில் திறக்குது: டிஎன்எஸ், அல்லது சேவை நிறுவனத்தின் பாதை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்தான் ஆகும். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு மிச்சப்படுத்தும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2021 அக்டோபர் 4ஆம் தேதி, நம்ம நேரப்படி இரவு ஒன்பது மணிக்கு மேல், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளையால் அந்த நிறுவனத்தின் உள் வலையமைப்பே துண்டிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் பாதையும் உலக இணையத்திலிருந்து மறைந்தது. திரும்ப வர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது. அன்றைக்கு ரவுட்டரை அணைத்துப் போட்டவர்களுக்கும், செயலியை அழித்து மறுபடி நிறுவியவர்களுக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. வேறு ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பார்த்திருந்தால் விடை அங்கேயே கிடைத்திருக்கும்.

பிழை எண்ணும் சாட்சி சொல்லும். 502, 503, 504 என்று வந்தால் கோரிக்கை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கேதான் சிக்கல் என்று பொருள். 404 என்றால் தளம் இருக்கு, நீங்க கேட்ட பக்கம் இல்லை. இந்த எண்கள் வரும்போது உங்கள் நெட் நல்லாவே இருக்கு.

பிரவுசர் என்றால்

கல்லூரியில் படிக்கும் ஒரு உறவுக்காரப் பெண் ஒருநாள் இரவு எட்டரைக்குக் கூப்பிட்டாள். உதவித்தொகை விண்ணப்பத்துக்கு அன்று நள்ளிரவு கடைசி. "மாமா, நெட் வரல. சப்மிட் அழுத்தினா அப்படியே நிக்குது." வேறு தளம் திறக்குதான்னு கேட்டேன். திறக்குது. தோழிக்கு அதே தளம் வேலை செய்யுதான்னு கேட்டேன். செய்யுது. அப்போ நெட் காரணம் இல்லை. மறைநிலை விண்டோவைத் திறந்து, மறுபடி உள்நுழைந்து அனுப்பச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் ஒப்புகைச் சீட்டு வந்துவிட்டது. அதற்கு முன்பு ரவுட்டரோடு மல்லுக்கட்டியதில் அவளுக்கு ஒரு மணி நேரம் போயிருந்தது.

இது ஏன் வேலை செய்தது? பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு வகைச் சரக்கைச் சேர்த்து வைக்கிறது. படம், நிரல் போன்றவற்றின் நகல் கேச். நீங்க யார், உள்ளே நுழைந்துவிட்டீர்களா என்ற அடையாளச் சீட்டு குக்கி. தளம் மாறி நகல் பழசாகவே இருந்தாலோ, சீட்டு காலாவதியாகிக் கிடந்தாலோ பக்கம் குழம்பும். மறைநிலை விண்டோ பழைய குக்கியும் கேச்சும் இல்லாமல் புதிதாகத் தொடங்கும். நீட்சிகளும் நீங்கள் அனுமதி தராதவரை அதில் ஓடாது. அதனால் அங்கே தளம் வேலை செய்தால் குற்றவாளி இந்த மூன்றில் ஒன்று.

பிறகு படிப்படியாக வாங்க. முதலில் கன்ட்ரோல் விசையோடு எஃப்5 அழுத்துங்க. கேச்சை விட்டுவிட்டுப் பக்கத்தைப் புதிதாக இறக்கும். சரியாகலைன்னா முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்ன ஐகானைத் தட்டி, அந்தத் தளத்தின் குக்கிகளை மட்டும் அழியுங்க. அதற்கும் மசியலைன்னா நீட்சிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்க. விளம்பரத் தடுப்பான் சில சமயம் பணம் கட்டும் பக்கத்தையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

எடுத்த எடுப்பில் "எல்லாவற்றையும் அழி" என்ற பட்டனுக்குப் போகாதீங்க. அந்தப் பட்டியலில் கடவுச்சொற்களுக்கும் ஒரு கட்டம் இருக்கு. அதில் டிக் விழுந்து, கூகுள் கணக்கோடு ஒத்திசைவும் இயங்கிக்கொண்டிருந்தால், சேமித்த கடவுச்சொற்கள் மற்ற கருவிகளிலிருந்தும் போய்விடும். ஒரு தளத்துக்காக எல்லாக் கதவின் சாவியையும் கிணற்றில் போட்ட கதைதான்.

ஒரு கருவி மட்டும் என்றால்

முதலில் கடிகாரத்தைப் பாருங்க. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் காரணம் இருக்கு. பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கும். பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது கணினியின் கணக்கில் எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காத குழந்தை. "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று எல்லாத் தளத்திலும் எச்சரிக்கை வரும். தேதியைத் திருத்தினால் சரியாகிவிடும். அடிக்கடி இப்படி ஆனால் சிஆர்2032 என்ற காசு அளவு பேட்டரியை மாற்றணும்.

ஆனால் தேதி சரியாக இருந்தும் வங்கித் தளத்தில் அந்த எச்சரிக்கை வந்தால், "பரவாயில்லை, உள்ளே போ" என்று அழுத்தாதீங்க. அங்கே அந்த எச்சரிக்கை தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

அடுத்து விபிஎன் செயலி ஏதாவது ஓடுதான்னு பாருங்க. ஆண்ட்ராய்டு 9 முதல் "தனிப்பட்ட டிஎன்எஸ்" என்றொரு அமைப்பு இருக்கு. விளம்பரத்தைத் தடுக்க யாரோ சொன்னாங்கன்னு அதில் ஒரு முகவரியைப் போட்டு மறந்திருப்போம். அந்தச் சேவை நின்றால், வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் எந்தத் தளமும் திறக்காது. அதைத் தானியங்கிக்கு மாற்றினால் போதும்.

கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கல என்று பொருள். வைஃபையை "மறந்துவிடு" கொடுத்து மறுபடி இணையுங்க. இன்னொன்று: விண்டோஸில் ஷட் டவுன் வேற, ரீஸ்டார்ட் வேற. வேகத் தொடக்க வசதி இயங்கும்போது ஷட் டவுன் செய்தால் கணினி தன் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்துவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். கோளாறும் கூடவே வரலாம். அதனால் ரீஸ்டார்ட்டே கொடுங்க.

சில தளங்கள் மட்டும் என்றால்

டிஎன்எஸ் என்பதை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். இணையத்தின் தொலைபேசிப் புத்தகம் என்று சொல்லலாம். பிழைச் செய்தியில் டிஎன்எஸ் என்ற எழுத்துக்கள் தென்பட்டால், முதலில் முகவரியில் எழுத்துப்பிழை இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, கணினியின் கட்டளைச் சாளரத்தில் 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் செய்யுங்க. பதில் வந்தால் பாதை திறந்திருக்கு, புத்தகம்தான் தொலைஞ்சிருக்கு. வைஃபை அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாகக் கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 இரண்டையும் கொடுத்துப் பாருங்க. இரண்டும் இலவசம்.

ரயில் நிலையம், விமான நிலைய வைஃபையில் வரும் சிக்கல் இதற்கு உறவுக்காரன். இணைந்துவிடும், ஆனால் ஓடிபி கேட்கும் பக்கம் வராது. அந்தப் பக்கத்தைக் காட்ட, நீங்கள் கேட்ட தளத்தை அவர்கள் இடைமறிக்கணும்; பாதுகாப்பான தளங்கள் அதற்கு இடம் கொடுக்காது. இதற்கென்றே பாதுகாப்பு உறை இல்லாமல் 'நெவர்எஸ்எஸ்எல்' என்று ஒரு டாட் காம் தளம் இருக்கு. அதைத் திறந்தால் பெரும்பாலும் உள்நுழைவுப் பக்கம் வந்துவிடும்.

வீடு முழுக்க இல்லை என்றால்

ரவுட்டர் விளக்குகளைப் பாருங்க. ஃபைபர் இணைப்பில் 'லாஸ்' என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால் கண்ணாடி இழை வழியே ஒளி வந்து சேரவில்லை. இழை எங்கோ அறுந்திருக்கும், அல்லது கூர்மையாக மடங்கியிருக்கும். எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் ஒளி வராது. புகார் கொடுப்பதுதான் வழி.

சிவப்பு இல்லைன்னா மின்சாரத்தை எடுத்து, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி கொடுங்க. வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் வெளியே ஒரே முகவரியோடுதான் போகின்றன. எந்தப் பதில் யாருக்கு என்று ரவுட்டர் ஒரு பட்டியல் வைத்திருக்கும். வாரக்கணக்கில் ஓடும் மலிவு ரவுட்டரில் அந்தப் பட்டியலும் நினைவகமும் நிரம்பிக் குழம்பும். அணைத்துப் போட்டால் வெள்ளைத்தாளில் இருந்து தொடங்கும்.

ரவுட்டரின் பின்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதில் மட்டும் கை வைக்காதீங்க. அது ரவுட்டரைத் தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோகும். சேவை நிறுவனம் போட்ட பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்து, பத்து நிமிஷக் கோளாறு அவங்க ஆள் வரும்வரை நீளலாம்.

நெட் வருது, ஆனா ஆமை வேகம் என்றால் ரவுட்டர் எங்கே உட்கார்ந்திருக்குன்னு பாருங்க. இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் அலை எப்படி வரும்? 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, சுவரைத் தாண்டுவதில் பலவீனம். 2.4 தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களோடும் மைக்ரோவேவ் அடுப்போடும் நெரிசலில் நிற்கணும். பக்கத்தில் இருந்தால் முதலாவது, தள்ளி இருந்தால் இரண்டாவது.

கடைசியாக, பணம் போகிற விஷயம்

நெட் வரலைன்னு பதற்றத்தில் இருக்கும்போது பலர் மொபைல் டேட்டாவில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுவாங்க. தேடலில் வரும் எண்களில் மோசடிக்காரர்கள் போட்டுவைத்ததும் இருக்கும். அவன் அன்பாகப் பேசி, திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வான். பிறகு "பத்து ரூபாய் கட்டிச் சரிபாருங்க" என்பான். நீங்க தட்டும் எழுத்து, வரும் ஓடிபி எல்லாம் அவன் கண் முன்னால். இணைப்பைச் சரிசெய்ய உங்கள் வங்கிக் கணக்கு யாருக்கும் தேவைப்படாது. அப்படி ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

இன்றைக்கு நெட் நன்றாக இருக்கும்போதே ஒரு வேலை செய்துவிடுங்க. சேவை நிறுவனத்தின் பில்லில் இருக்கும் உதவி எண்ணையும் உங்கள் வாடிக்கையாளர் எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்க. அதன் கீழே "வேறு தளம் திறக்குதா? வேறு கருவியில் திறக்குதா?" என்று இரண்டு வரி. ரவுட்டருக்கு மேலே சுவரில் ஒட்டுங்க. வீட்டில் நீங்க இல்லாத நேரத்திலும் அப்பா அம்மா அதைப் பார்த்தே பாதிச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வாங்க.