காலிற் பட்டதெல்லாம் குற்றமாகுமா?

கூடைப்பந்தாட்டத்தில் பந்து ஒருவன் காலிற் பட்டவுடன், "கால்! கால்!" என்று நாம் கூவுகின்றோம். நடுவர் ஊதாவிடின் அவர்மீது பட்சபாதமும் சுமத்துகின்றோம். இது நியாயமா?

1891-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவிலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் வகுத்த இவ்வாட்டம் கைகளுக்கே உரியது. ஆதலின் பந்தை வேண்டுமென்றே உதைத்தலும், காலின் எப்பாகத்தினாலேனும் மறித்தலும் விதி மீறுதலாகும். தற்செயலாய்ப் படுதலோ குற்றமன்று. ஆட்டம் நில்லாது நடைபெறும்.

ஆட்டக்காரனின் உட்கருத்தை நடுவர் அறிவதெங்ஙனம்? கால் பந்தை நாடிச் சென்றதா, பந்து காலை நாடி வந்ததா என்பதையே அவர் நோக்குகிறார். ஓடுகிறவன் காலில் பந்து தானே மோதினால், அதனால் அவன் கட்சிக்கு லாபம் நேரினும், ஆட்டத்தை நிறுத்தார். எதிரி தரையில் தட்டி அனுப்பும் பந்தை மறிக்கப் பாதத்தைப் பக்கத்தில் நீட்டினாலோ, உடனே ஊதுவார். பந்து எதிர்க்கட்சியாருக்குச் சேரும். அவர்கள் எல்லைக்கோட்டிற்கு வெளியேயிருந்து அதை எறிவார்கள். இஃது ஆளைத் தாக்கிய பிழையன்றாதலால், ஆட்டக்காரன் பெயரில் பிழையாக எழுதப்படுவதில்லை.

இவ்வளவையும் நடுவர் கண்ணிமைப் பொழுதில் தீர்மானிக்க வேண்டும். அடுத்த பந்தயத்தில் நாம் கூவுமுன், பந்து போன திசையையன்று, கால் சென்ற திசையை நோக்குவோமாக.