மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது

பெனடிக்ட் கரைசல் என்று நீல நிறத்தில் ஒரு திரவம். சோதனைக் குழாயில் ஒரு டீஸ்பூன் அளவு ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைப்பார்கள். நீலம் மாறாமல் இருந்தால் நிம்மதி. பச்சையானால் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். அந்தக் காலத்தில் வீட்டிலிருந்தபடி சர்க்கரையைக் கவனிக்க இந்த நிறங்களை விட்டால் வேறு வழியில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரில் அது இறங்கும். 150இல் இருப்பவருக்கும் குழாய் நீலமாகவே இருக்கும். அப்படி ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர் வீட்டில் கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் தினமும் கொதிக்க வைக்க வேண்டும். ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். முனை மழுங்கிய ஊசியின் வலி இன்று ஊசி போட்டுக்கொள்பவருக்குத் தெரியாது. ‘பணக்கார வியாதி’ என்ற பெயரும் அப்போது இருந்தது. சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விசுவநாதன் 1948இல் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியபோது, இந்த ஒரு நோய்க்கு எதற்குத் தனிப் பிரிவு என்று பலருக்குத் தோன்றியிருக்கலாம். 1954இல் அவர் இதற்கென்றே ஒரு மருத்துவமனையையும் நிறுவினார். ராயபுரத்தில் அது இன்றும் இயங்குகிறது.

இன்று விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும், சில நொடிகளில் எண் வந்துவிடும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனை சிறிய ஊர் லேபிலும் கிடைக்கிறது. அது 5.7 முதல் 6.4 வரை இருந்தால் ‘பார்டர்ல இருக்கு’ என்கிறார்கள், 6.5ஐத் தொட்டால் சுகர். அந்தப் பணக்கார வியாதி என்ற பெயரும் போய்விட்டது. சென்னை நகரில் எடுத்த ஆய்வுகளில் 1989இல் பெரியவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு இருந்த நீரிழிவு, 2004இல் 14.3 சதவீதம் ஆகியிருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. நாடு முழுவதும் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் பார்டரில் என்று அது கணக்குச் சொன்னது.

இடையில் என்ன நடந்தது? அம்மியும் உரலும் போய் மிக்ஸி வந்தது, கிணற்று ராட்டினம் போய் மோட்டார் வந்தது. தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டியில் போகிறோம். பெண்களின் முதுகை ஒடித்த அந்த வேலைகள் திரும்பி வர வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது. நான் நிச்சயம் சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பிலிருந்து எடுத்த வேலைக்கு ஈடாக எதையும் நாம் கொடுக்கவில்லை. நடக்க நடைபாதைகூட இல்லாத ஊர்களில் வாழ்கிறோம். மானாவாரிப் பகுதிகளில் நெல்லுச்சோறு பண்டிகைக்குத்தான் என்றிருந்த வீடுகளில் இன்று காலை இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. மூன்று வேளையும் தீட்டிய அரிசி. சென்னையில் நடந்த ஓர் ஆய்வில், உண்ணும் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வருவது தெரிந்தது.

இதற்கு மாற்று என்று நினைத்துத் தினமும் ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி குடிப்பவர்கள் உண்டு. நைஸாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சியும் சர்க்கரையை வேகமாக ஏற்றும். தானியத்தை மாற்றினால் மட்டும் போதாது, அளவையும் குறைக்க வேண்டும். தட்டில் பாதி காய், கால் பங்கு பயறோ மீனோ முட்டையோ, மீதிக் கால் பங்கில் சோறு. நம் வீடுகளில் பரிமாறும் வழக்கத்துக்கு இது நேர் எதிர் என்பதால்தான் சொல்வது சுலபம், செய்வது கடினம்.

ஆனாலும் செய்தால் பலன் உண்டு என்பதை நிரூபித்ததும் சென்னைதான். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், பார்டரில் இருந்தவர்கள் தினமும் அரை மணி நேரமாவது நடந்து, சாப்பாட்டைத் திருத்திக்கொண்டபோது நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை போட்டவர்களுக்குக் குறைந்தது 26.4 சதவீதம். என்னைக் கேட்டால், இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு லேப் ரிப்போர்ட்டின் அடியிலும் அச்சிட வேண்டும்.

நோய் வந்தவர்களுக்கோ, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இது சாதாரண மாற்றமில்லை.

மாத்திரையோடு வரும் பெண்களிடம் வயதானவர்கள் பேசுவதைக் கேட்டால் மிச்சம் இருக்கும் வேலை புரியும். “மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?” என்று கேட்டால், “கல்யாண வீட்டுக்குப் போற அன்னைக்கு மட்டும் ரெண்டாப் போட்டுக்குறேன் கண்ணு” என்று பதில் வரும். சில மாத்திரைகளை இப்படிப் போட்டுவிட்டுப் பந்திக்கு நேரமானால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதை மாத்திரை அட்டையோடு சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இன்சுலின் என்றதும் ‘கடைசிக் கட்டமா?’ என்று கேட்கும் பயம் மட்டும் அன்று போலவே இன்றும் இருக்கிறது. மெல்லிய ஊசி வந்தும் பயம் போகவில்லை. ஊசியைத் தள்ளிப் போட்ட ஆண்டுகளில்தான் கண்ணும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் கெடுகின்றன.

பாதத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது அடுத்த கவலை. கிளினிக்கில் நைலான் இழை ஒன்றை, அது லேசாக வளையும் வரை உள்ளங்காலில் அழுத்தி, “தெரியுதா?” என்று கேட்பார்கள். கண்ணை மூடியிருப்பவர் பதில் சொல்லாமல் காத்திருந்தால் அந்த இடத்தில் உணர்ச்சி இல்லை என்று பொருள். அவர் சித்திரை மாத உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு சுற்றி வந்தால், கொப்பளம் வந்ததே அவருக்குத் தெரியாது. புண் பழுத்த பிறகுதான் தெரியும். பிரதட்சிணத்தை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு போடலாம். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பேரப்பிள்ளையிடம் காட்டி, “எங்கயாவது சிவந்திருக்கா பாரு” என்று கேட்கலாம். இதற்குச் செலவில்லை.