மக்காத வள்ளங்கள்

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைக் கரையில் ஒரு ஃபைபர் வள்ளம் குப்புறக் கிடக்கிறது. எஞ்சினைக் கழற்றி வேறு வள்ளத்தில் மாட்டி வருஷக்கணக்காகிறதாம். பக்கவாட்டில் பதிவு எண் பாதி அழிந்துவிட்டது. மேல்பூச்சு உரிந்த விளிம்பில் கண்ணாடி இழைகள் நரைத்த தாடிபோல் நீட்டிக்கொண்டிருந்தன. தெரியாத்தனமாய் அதில் கை வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க அரிப்பு அடங்கவில்லை.

“மரமா இருந்தா அடுப்புக்காவது ஆவும் தம்பி. இத வெட்டுனாலும் குப்பை, எரிச்சாலும் குப்பை” என்றார் பக்கத்தில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர்.

கட்டுமரத்துக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. கயிற்றை அவிழ்த்தால் மரம், மக்கினால் மண். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்பே ஃபைபர் படகுகள் வரத் தொடங்கியிருந்தாலும், நிவாரணமாக அவை குவிந்தது அதற்குப் பிறகுதான். சில ஊர்களில் ‘மாருதி’ என்றே செல்லப்பேர். அடிபட்டவர்களை மறுபடி கடலுக்கு அனுப்பிய படகுகள் அவை. அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் அன்று வந்தவற்றுக்கு இருபது வயது தாண்டிவிட்டது.

ஃபைபர் என்பது கண்ணாடி இழைப் பாயில் பாலியஸ்டர் பிசினை ஊற்றி இறுக வைத்தது. கடினமாக்கும் ரசாயனம் சேர்ந்து இறுகிவிட்டால், சுட்ட பானை திரும்பக் களிமண் ஆகாததுபோல, அந்தப் பிசினை மறுபடி உருக்க முடியாது. சூடேற்றினால் கருகத்தான் செய்யும். அதனால் பழைய இரும்புக்காரர்கூட இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கரையில் போட்டுக் கொளுத்தினால் கரும்புகை மூச்சை அடைக்கும். பிசின் எரிந்தபின் கண்ணாடித் தும்பு மணலில் மிஞ்சும். வெயிலில் விட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். இங்கிலாந்தின் சிசெஸ்டர் துறைமுகத்தில் நடந்த ஆய்வு 2024ல் வெளியானது. அங்கே ஒரு கிலோ சிப்பியில் 11,220 கண்ணாடித் துகள்கள்வரை இருந்தன. படகுகளைப் பழுதுபார்க்கும் குளிர்காலத்தில்தான் அது அதிகம். நம் கரையில் வருஷம் பூராவும் பழுதுபார்க்கிறோம்.

முறையாக அப்புறப்படுத்தும் வேலை பொறுமை கேட்பது. முதலில் எண்ணெய், பேட்டரி, கம்பி, இரும்பு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். மிதப்புக்காக உள்ளே அடைத்த தெர்மாகோலைத் தனியே பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது மணிமணியாகக் கடலில் போய்ச் சேரும். பிறகு தண்ணீர் தெளித்துக்கொண்டே அறுக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வாயில் துண்டு கட்டினால் போதாது, முறையான முகக்கவசம் வேண்டும்.

அறுத்த துண்டுகளுக்கு இன்றைக்கு இருக்கிற நல்ல போக்கிடம் சிமென்ட் சூளை. 1,450 டிகிரி வெப்பத்தில் பிசின் எரிபொருளாகிவிடும். கண்ணாடியில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்பும் சிமென்ட்டோடு சேர்ந்துவிடும். ஜெர்மனியில் பழைய காற்றாலை இறக்கைகளை இப்படித்தான் தீர்க்கிறார்கள். நெகிழிக் கழிவை ஏற்கெனவே எரிக்கும் சிமென்ட் ஆலைகள் தமிழ்நாட்டில் உண்டு. சிமென்ட் ஆலைகள் உள்ள அரியலூர் நாகையிலிருந்து சில மணி நேரப் பயணம். முப்பந்தலின் காற்றாலை இறக்கைகளும் ஒருநாள் இதே வாசலுக்கு வந்து நிற்கும். இரண்டையும் சேர்த்து யோசித்தால் ஆலைகளுக்கும் கட்டுப்படியாகும்.

இடறுவது லாரி வாடகையில். முழுப் படகு என்பது பெரும்பாலும் காற்று. ஒன்றிரண்டுக்கு மேல் லாரியில் ஏறாது. துறைமுகத்துக்கே அரவை இயந்திரம் வந்து, நொறுக்கி ஏற்றினால்தான் செலவு குறையும்.

அந்தச் செலவு யாருடையது? பிரான்சில் 2019 முதல், 2.5 மீட்டரிலிருந்து 24 மீட்டர்வரையிலான உல்லாசப் படகுகளை இலவசமாக உடைத்துத் தருகிறார்கள். புதுப் படகு விற்கும்போதே பிடிக்கும் தொகையும் படகு வரியின் ஒரு பகுதியும் அதற்குப் போகின்றன. மையம்வரை கொண்டுவரும் செலவு மட்டும் உடைமையாளருடையது. அங்கே படகு பொழுதுபோக்கு, இங்கே அது சோறு. எனவே அந்த வாடகையையும் மீனவர் தலையில் கட்டக் கூடாது என்பேன். படகைப் பதிவுசெய்வது அரசு, எஞ்சினுக்கு மானியம் தருவதும் அரசு. புதுப் படகின் விலையிலேயே ஒரு சிறு தொகையை உற்பத்தியாளரிடம் பிடித்து வைத்து, பழசை ஒப்படைக்கும் நாளில் செலவழிப்பது நடக்காத காரியமில்லை.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். ஊசியை நிறுத்திவிட்டு அந்த வள்ளத்தைப் பார்த்தார்.

“லாரி வரட்டும் தம்பி. தூக்கி ஏத்த ஆள் நாங்க இருக்கோம். இந்த ஒண்ணு மட்டுமில்ல, அந்தாண்ட இன்னும் ஆறு கெடக்கு.”