நின்ற யந்திரத்தின் காவலர்கள்

மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணாரக் காண்பது தேயிலைச் செடிகளின் பசுமையைத்தான். அந்தப் பசுமை தூளாகிப் பெட்டியில் அடைபடுவதற்கு முன் கடந்து வரும் யந்திரங்களையோ, அந்த யந்திரங்களின் வயிற்றுக்குள் கைவிட்டுப் பழுது பார்க்கும் மனிதர்களையோ நினைப்பவர் மிகச் சிலர். 1885-இல் வில்லியம் கேமரன் இந்தப் பிரதேசத்தை அளந்து சென்றதையும், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியதையும், 1933-இல் பாரத் தோட்டம் தோன்றியதையும் ஊர்ச் சரித்திரம் சொல்லும். காட்டை வெட்டிக் கன்று நட்டுக் கொழுந்து கிள்ளிய நம் ஜனங்களின் உழைப்பைப் பற்றியும் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. பேக்டரிக்குள் ஸ்பேனரும் கையுமாக நின்றவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப்படவில்லை.

தேயிலை பேக்டரியில் கொழுந்தை வாட்டும் நீண்ட தொட்டிகளுக்குப் பெரிய விசிறிகள் காற்றைச் செலுத்துகின்றன. வாடிய இலையை உருட்டு மேஜைகள் கசக்குகின்றன. ரோட்டர்வேன் என்னும் யந்திரம், உருளைக்குள் திருகு சுழல, இலையை நசுக்கித் தள்ளுகிறது. காற்றுப்பட்டுச் செம்பு நிறமேறிய இலையை உலையிலிருந்து வரும் சூட்டுக்காற்று உலர்த்துகிறது. சல்லடைகள் ஓயாமல் குலுங்கித் தரம் பிரிக்கின்றன. ஓடுகின்ற யந்திரத்திடம் எவனுக்கும் பயம் உண்டு. அதற்கு மூடியும் வேலியும் உண்டு. மூடியைக் கழற்றி, வேலியைத் தாண்டி, ‘இது நின்றுவிட்டது’ என்ற நம்பிக்கையோடு ஒருவன் உள்ளே கை நுழைக்கும் அந்தச் சமயத்தில்தான் அபாயம் அதிகம். பொத்தானை அமுக்கினால் மோட்டார் நிற்கும். ஆனால் மின்சாரம் கதவுக்கு வெளியே காத்துக்கொண்டுதான் இருக்கும். விசிறியின் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் இறக்கைகள் சுழன்றுகொண்டிருக்கும். உலையை அணைத்தாலும் செங்கல்லில் சூடு மணிக்கணக்கில் தங்கும். இறுகிய பெல்ட்டும் சுருங்கிய ஸ்பிரிங்கும் தூக்கி நிறுத்திய பாரமும் தத்தம் பலத்தை மறைத்து வைத்திருக்கும்.

இப்படி மறைந்திருக்கும் சக்திகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் கட்டுப்படுத்திவிட்டு, அதன் பிறகே மனிதனை யந்திரத்துக்குள் அனுமதிக்கும் முறைக்கு உலகமெங்கும் லாக்அவுட்-டேக்அவுட் என்று பெயர். பூட்டுப் போட்டு அட்டை மாட்டுவது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இது ஒரு தனித்த உத்தியோகமாகவே வளர்ந்திருக்கிறது என்பதும், நம் பிள்ளைகளுக்கு ஏற்ற உத்தியோகம் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

ரோட்டர்வேனில் இலை அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தொகுதி இலை காத்திருக்கிறது. ‘ஒரு நிமிஷத்து வேலை’ என்று பக்கத்தில் நிற்பவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். தேர்ந்த பிட்டர் முதலில் அங்குள்ள எல்லோரிடமும் யந்திரத்தை நிறுத்தப் போவதாகச் சொல்கிறான். பொத்தானை அமுக்கி நிறுத்துகிறான். அதோடு திருப்தியடையாமல் மெயின் சுவிட்ச் இருக்கும் பெட்டிக்கு நடந்து சென்று, கைப்பிடியை இறக்கி, அதன் துளையில் தன் பூட்டை நுழைத்துப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். பூட்டோடு தொங்கும் அட்டையில் அவன் பெயரும் தேதியும் காரணமும் இருக்கும். பிறகு மீண்டும் யந்திரத்தருகே வந்து ஓட்டும் பொத்தானை வேண்டுமென்றே அமுக்கிப் பார்க்கிறான்; அசைவில்லை என்று கண்ட பின் அதைப் பழைய நிலைக்குத் திருப்புகிறான். மின்கம்பிகளைத் தொட வேண்டிய வேலையானால், சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, பின் தான் வேலை செய்யப்போகும் கம்பியில் வைத்து, மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்க்கிறான். நடுவில் கருவியே பழுதாகிப் பொய் சொல்லியிருக்கக் கூடாதல்லவா? ஒருவருக்கு மேற்பட்டோர் வேலை செய்தால், பல துளைகள் கொண்ட இரும்புக் கொக்கியில் ஆளுக்கொரு பூட்டு மாட்டுவார்கள். கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும் வரையில், மானேஜரே வந்து நின்றாலும் அந்த யந்திரம் ஓடாது. கூலிக்காரன் என்று அழைக்கப்பட்ட மனிதனின் பிராணனுக்குரிய சாவியை அவன் கையிலேயே கொடுத்துவிடுகிற இந்த ஏற்பாட்டைக் காட்டிலும் கௌரவமான ஒன்றைத் தொழிற்சாலை வாழ்வில் நான் அறியேன்.

இதே மலையில் இதைவிடப் பன்மடங்கு பெரிய சக்தியும் இருக்கிறது. ரிங்லெட்டில் பெர்த்தாம் ஆற்றை மறித்து 1963-இல் முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் நீர், மலைக்குள் குடைந்த சுரங்கத்தின் வழியே சென்று, அரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து இறங்கி, ஜோரில் நிலத்துக்கடியில் உள்ள 100 மெகாவாட் சுல்தான் யூசுப் மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. பத்து மீட்டர் நீருக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது கணக்கு. ஆகவே அந்த டர்பைனின் வாசலில் ஐம்பது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் நிற்கிறது. தானா ராத்தாவுக்கு அருகே, ராபின்சன் நீர்வீழ்ச்சியை அடுத்துள்ள மின்நிலையம் சிறியதேயானாலும் அங்கும் தத்துவம் ஒன்றுதான். டர்பைனைப் பழுது பார்க்க வால்வை மூடிவிட்டால் மட்டும் போதாது; மூடியதைப் பூட்ட வேண்டும், குழாயிலுள்ள நீரை வடிக்க வேண்டும், வடிகாலைத் திறந்தே வைத்திருந்து கசிவு வருகிறதா என்று கவனிக்க வேண்டும், ஜெனரேட்டரின் கம்பிகளை எர்த் செய்ய வேண்டும்.

இவற்றில் ஒன்று தவறினால் என்ன நேரும் என்பதற்கு உதாரணங்கள் துக்ககரமானவை. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்னும் எண்ணெய் மேடையில், ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிப்ட்டார் பழுது பார்க்கக் கழற்றியிருந்தார்கள். அதைத் தெரிவிக்கும் பெர்மிட் காகிதம் இரவு ஷிப்ட்டாரின் கண்ணில் படவில்லை. மற்றொரு பம்பு நின்றுபோகவே அவர்கள் இந்தப் பம்பை ஓட்டினார்கள். 167 பேர் மாண்டார்கள். அந்தப் பம்பின்மேல் எவராலும் மீற முடியாத ஒரு பூட்டுத் தொங்கியிருந்தால் என்று எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது. நெய்வேலியில் 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் வெடித்ததும் அச்சமயம் ஓடாமலிருந்த கொதிகலன்தான். பத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தங்கள் ஆண்மக்களை இழந்தன.

சட்டங்கள் மெதுவாகத்தான் வந்தன. அமெரிக்காவில் பூட்டும் அட்டையும் கட்டாயமென விதித்தது 1989-இல். மலேசியாவில் 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, யந்திரச் சட்டமும், 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் பல்லாண்டு சேர்ந்தே நடந்தன. 2024 ஜூன் 1 முதல் முன்னது நீங்கிப் பின்னது திருத்தத்தோடு விரிந்தது. முதலாளிக்குரிய அபராதத்தின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆயிற்று. உடனடி அபாயம் இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையும் பெற்றான்.

இந்தத் துறையில் நுழைய வழிகள் பல. மலேசியத் திறன் சான்றிதழ் என்னும் எஸ்.கே.எம். முதல் மூன்று நிலைகளில் யந்திரப் பராமரிப்போ மின்வேலையோ பயின்று பிட்டராகவோ வயர்மேனாகவோ தொடங்கலாம். நான்காம் நிலை டிப்ளோமா. வயர்மேனுக்கு அடுத்த மேல்படி சார்ஜ்மேன். எரிசக்தி ஆணையம் பரீட்சித்துத் தகுதிச் சான்று கொடுக்கிறது. ஏ வகையார் தாழ்வழுத்த மின்சாரத்துக்கும் பி வகையார் உயரழுத்தத்துக்கும் பொறுப்பாவார்கள். எந்த சுவிட்ச்சை இறக்குவது, எதைப் பூட்டுவது, எவருக்குப் பெர்மிட் கொடுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இத்தகையவர்களுடையது. 1992-இல் நிறுவப்பட்ட நியோஷ் என்னும் தேசியத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரக் கழகம் முதலிய இடங்களில் பயிற்சி பெற்றுப் பரீட்சையில் தேறியவர்கள் பாதுகாப்பு, சுகாதார அதிகாரியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அத்தகைய அதிகாரி இல்லாத இடங்களிலும், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்தால், ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்தே ஆக வேண்டும் என்பது புதிய விதி. சிறிய பட்டறையும் இதற்கு விலக்கல்ல.

யந்திரந்தோறும் நடைமுறைத் தாள் எழுதும் வேலையே இவை யாவற்றிலும் சிறந்த புத்திப் பரீட்சை என்பேன். எழுதுகிறவர் யந்திரத்தை முழுவதும் சுற்றி வந்து, அதனுள் சேரும் சக்திகள் எத்தனை, எங்கே மூடுவது, எங்கே பூட்டுவது, மிச்சத்தை எப்படி வடிப்பது என்று படத்தோடு குறிக்க வேண்டும். கேமரன் மலையில் இன்று வேலை செய்வோரில் வங்கதேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய அட்டை அவர்களுக்கு வெறும் பிளாஸ்டிக் துண்டே. அட்டையில் பூட்டியவரின் புகைப்படத்தை ஒட்டுவது இதற்கு நல்ல உபாயம். நாலைந்து மொழி புழங்கும் சூழலில் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைக்கு, இவர்களிடம் பேசிப் புரியவைக்கும் சாமர்த்தியம் இயல்பிலேயே உண்டு. கோலாலம்பூரிலிருந்து வரும் பட்டதாரிக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை.

புதிதாய்ச் சேர்ந்தவர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பார்கள். பூட்டிய மனிதன் சாவியோடு பஸ் ஏறி ரிங்லெட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வது? வெட்டுக் கத்தரியை உடனே எடுக்கக் கூடாது. மேற்பார்வையாளர், அவன் பேக்டரிக்குள் இல்லை என்பதை முதலில் தாமே உறுதி செய்துகொள்ள வேண்டும். அவனுக்குத் தகவல் சொல்ல இயன்றதெல்லாம் செய்ய வேண்டும். யந்திரத்தருகே வேறு ஆளோ கருவியோ இல்லை என்று பார்த்து, எழுத்தில் பதிந்துவிட்டுப் பூட்டை வெட்டலாம். மறுநாள் அவன் வந்ததும், வேலையில் கை வைப்பதற்கு முன்பாக, அவன் பூட்டு வெட்டப்பட்டது என்பதை அவனிடம் நேரில் சொல்லியாக வேண்டும்.