பூட்டுக்குள்ள என்னதான் இருக்கு? ஒரு திண்டுக்கல் பூட்டைப் பிரித்த கதை

போன மாசம் பல்லடத்துல மாமாவோட தறி செட்டுப் பூட்டு மக்கர் பண்ணிருச்சு. சாவி உள்ளே போகுது, கால் சுத்து திரும்புது, அதுக்கு மேலே நகரவே மாட்டேங்குது. விடியக்காலை ஷிப்டுக்கு வந்த ஆளுங்க எல்லாம் வெளியே நிக்கிறாங்க. "எண்ணெய் உடு கண்ணு, எறங்கிரும்" என்றார் மாமா. விட்டோம். இறங்கவில்லை. கடைசியில் ஆக்சா பிளேடு போட்டு வளையத்தை அறுத்துத்தான் செட்டைத் திறந்தோம்.

அறுத்த பூட்டைப் பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை. தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் போனபோது மாமா ஆசைப்பட்டு வாங்கி வந்த பூட்டு அது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ரிவெட் தலைகளை ட்ரில் போட்டு எடுத்துப் பிரித்தேன். தினம் கையில் பிடிக்கிற சாமான்தான், ஆனா உள்ளே எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் பார்த்தேன்.

மேல் தகட்டை எடுத்ததும் கண்ணில் படுவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஆறு பித்தளைத் தகடுகள். இவைதான் லீவர். கடையில் பூட்டு வாங்கும்போது '6 லீவர்', '7 லீவர்' என்று அடித்திருக்குமே, அந்த எண்ணிக்கை இதுதான். ஒவ்வொரு லீவரும் ஒரு முனையில் ஆணியில் கோத்திருக்கிறது, மறுமுனை மேலும் கீழும் ஆடும். ஆடாமல் கீழே அமுக்கிப் பிடிக்க ஆளுக்கொரு மெல்லிய ஸ்பிரிங். லீவரின் நடுவே ஒரு ஜன்னல் வெட்டியிருக்கிறது. ஜன்னல் என்றால் நேரான ஓட்டை இல்லை: இடப்பக்கம் ஒரு அறை, வலப்பக்கம் ஒரு அறை, நடுவே ஒரு குறுகலான சந்து.

லீவர்களுக்கு அடியில் தாழ் இருக்கிறது. வளையத்தின் வெட்டுக்குள் நுழைந்து அதைப் பிடித்துக்கொள்வது இந்தத் தாழ்தான். தாழின் முதுகில் ஒரு கட்டை முளை நிற்கிறது. அந்த முளை ஆறு ஜன்னல்களுக்குள்ளும் நீட்டிக்கொண்டிருக்கும். தாழ் நகர வேண்டுமானால் முளை இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போக வேண்டும். போக வழி அந்தச் சந்து மட்டுமே. ஆறு சந்துகளும் ஒரே நேர்கோட்டில் நின்றால்தான் வழி கிடைக்கும்.

எங்க ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்லத் தறியே போதும். விழுது பாவு நூலைத் தூக்கினால்தான் நாடா குறுக்கே ஓடும். ஒரு நூல் தொங்கினாலும் நாடா அதில் இடிக்கும். இங்கே லீவர்கள்தான் நூல், முளைதான் நாடா, சாவிப் பல்தான் விழுது. ஆனால் ஒரு வித்தியாசம். தறியில் நூல் கொஞ்சம் அதிகமாகத் தூக்கியிருந்தால் நாடாவுக்கு ஒன்றும் ஆகாது. பூட்டில் அப்படி இல்லை. குறைவாகத் தூக்கினாலும் முளை இடிக்கும், அதிகமாகத் தூக்கினாலும் இடிக்கும்.

இந்த 'அதிகமானாலும் இடிக்கும்' என்பதுதான் பெரிய யோசனை. 1778-ல் ராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முந்தைய பூட்டுகளில் லீவரை எவ்வளவு உயரம் தூக்கினாலும் திறந்துவிடும், ஒரு வளைந்த கம்பி போதும். பாரனுக்குப் பிறகு ஒவ்வொரு லீவருக்கும் தனித்தனியாகச் சரியான உயரம் தெரிய வேண்டும். ஒரு லீவருக்கு 4 உயரம் சாத்தியம் என்று வைத்தால்கூட, ஆறு லீவருக்கு 4,096 விதமான சாவி வரும்.

சாவிப் பல்லில் படிப்படியாக வெட்டியிருப்பது இந்த உயரங்களைத்தான். சாவியைத் திருப்பும்போது முதலில் பற்கள் லீவர்களைத் தூக்கும், மேலே திருப்பத் திருப்ப ஒரு பல் தாழை இழுக்கும். டூப்ளிகேட் சாவி சில சமயம் திறக்காமல் போவது இதனால்தான். ஒரே ஒரு படியில் மயிரிழை மிச்சம் இருந்தால் போச்சு. பார்த்தால் இரண்டு சாவியும் ஒன்றாகத்தான் தெரியும்.

அப்படியானால் திறக்கவே முடியாதா? முடியும். இங்கிலாந்தில் 1817-ல் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் கள்ளச்சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். அரசாங்கம் நல்ல பூட்டுக்கு 100 பவுண்டு பரிசு அறிவித்தது. அடுத்த வருசம் ஜெரமையா சப் ஒரு பூட்டு செய்தார். ஏதாவது ஒரு லீவரை அளவுக்கு மேலே தூக்கினால் அது அப்படியே மாட்டிக்கொள்ளும். யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். 1851-ல் லண்டன் பெரும் கண்காட்சிக்கு வந்த ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதையும் சுமார் அரை மணி நேரத்தில் திறந்து காட்டினார். லண்டனே ஆடிப்போனது.

நம்ம வீட்டுக் கதவில் பதிந்திருக்கிற சிறு பல் சாவிப் பூட்டு வேறு வகை. அதில் லீவருக்குப் பதில் இரண்டு துண்டாக வெட்டிய ஊசிகள். வெட்டுகள் எல்லாம் ஒரே கோட்டில் வந்தால் உருளை சுற்றும். லைனஸ் யேல் 1860களில் இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். மூலம் பழைய எகிப்தின் மரப்பூட்டு.

திண்டுக்கல்காரர்கள் லீவரோடு நிற்கவில்லை. திருப்பும்போது மணி அடிக்கும் பெல் பூட்டு, மாங்காய் வடிவில் மாங்காய் பூட்டு என்று அவர்கள் கைவேலை தனி. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சரி, மாமாவின் பூட்டு ஏன் மக்கர் பண்ணியது? தப்பு பூட்டின் மேல் இல்லை. தறி செட்டில் காற்று முழுக்கப் பஞ்சு. அதன் மேல் வருசக்கணக்காகத் தேங்காய் எண்ணெய். இரண்டும் சேர்ந்து கோந்து மாதிரி இறுகி, மூன்றாவது லீவரும் நாலாவது லீவரும் ஒட்டிக்கிடந்தன. சாவி ஒன்றை உயரமாகத் தூக்கும்போது, கம்மியாக எழ வேண்டிய பக்கத்து லீவரும் கூடவே மேலே போய்விட்டது. முளை அதன் சந்துக்குக் கீழ் விளிம்பில் இடித்து நின்றது. கள்ளச்சாவியைத் தடுக்கிற அதே ஏற்பாடு சொந்தச் சாவியைத் தடுத்திருக்கிறது. அன்னைக்கு விட்ட எண்ணெய் அந்தப் பிசுக்கைக் கரைக்கவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற வைத்தது, அவ்வளவுதான்.

லீவர்களை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, பென்சில் கரியைப் பொடி பண்ணித் தடவி மறுபடி அடுக்கினேன். சாவி வெண்ணெய் மாதிரி திரும்புகிறது. வளையம்தான் இல்லை.

செட்டுக்குப் புதுப் பூட்டு வந்தாச்சு. பென்சில் கரி விஷயத்தை மாமாவிடம் பொறுமையா எடுத்துச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அதெல்லாஞ் சரி கண்ணு, ஒரு சொட்டு எண்ணெய் உட்டா என்னாயிரப் போவுது?" என்கிறார்.