ஊர் நீங்கினும் நீங்காத விழா

சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையை விழாவறை காதையோடு தொடங்குகின்றார். 28 நாள் இந்திர விழா நிகழவிருப்பதை வள்ளுவன் யானைமேல் முரசேற்றிப் புகார் நகரெங்கும் அறிவிக்கின்றான். பின்னொரு காலத்தில், மணிபல்லவத்திலிருந்து வந்த கலம் கவிழ, தன் மகனைக் காணாது தேடியலைந்த சோழன் அவ்விழாவை மறந்தான். புகாரைக் கடல் கொண்டது. இப்பகுதியை மாணவர்க்குக் கற்பிக்கும்போதெல்லாம் என் நினைவு மயிலிட்டிக்கே செல்லும். அங்கு நேர்ந்தது இதன் மறுதலை. ஊர் கைவிட்டுப் போயிற்று. விழாவை மக்கள் மறந்திலர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே, பலாலியை அடுத்துள்ளது மயிலிட்டி. மீன்வளத்தாற் பெயர் பெற்ற துறை. 1990 ஜூன் மாதத்தில் போரினால் அவ்வூரார் அனைவரும் வெளியேறினர். துறைமுகம் மீண்டும் மக்களிடம் சேர்ந்தது 2017 ஜூலை 3ஆம் நாள். இடைப்பட்ட 27 ஆண்டுகளில் பலர் மல்லாகத்தை அடுத்த முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் காலங்கழித்தனர்.

கடற்கரையூரின் ஆண்டுக்கணக்கு காற்றோடு இயைந்தது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வடகரையை மோதும். வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். பனங்குற்றியை நட்டு ஓலை வேய்ந்து சொக்கப்பனை கொளுத்துவதும், விடியற்காலையில் திருவெம்பாவை ஓதுவதும், மாதா கோயிலில் நத்தார் நள்ளிரவுப் பூசை நிகழ்வதும் அக்காலத்தே. சைவரும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்து வாழும் கரை அது. கடல் தணியும் தை மாதத்தில் முற்றத்திலே கோலமிட்டுப் பொங்குவர். முகாமில் முற்றமேது? குடிசை வாயிலில் மூன்று கல் வைத்தார்கள், பால் பொங்கியது.

சித்திரையில் மருத்துநீர் வைத்து முழுகுதல், கைவிசேடம், போர்த்தேங்காய் அடித்தல் ஆகியவை குடாநாடு முழுவதற்கும் பொது. சித்திரைப் பூரணையிலோ, கிழக்கே வல்வெட்டித்துறையில் முத்துமாரியம்மன் தீர்த்தத்தை ஒட்டி இன்றும் இந்திர விழா என்னும் பெயராலேயே விழா நிகழ்கின்றது. புகாரில் மறக்கப்பட்ட பெயர் ஈழத்துக் கரையொன்றில் வழங்குவதை நம் மாணவர் பலர் அறியார். இது வருந்தத்தக்கதே.

ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும். பச்சரிசி மா, பயறு, தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி சேர்த்துக் காய்ச்சிய கூழைப் பலாவிலையைக் கோலி ஈர்க்கினாற் குத்திக் குடிக்கும் இன்பத்தை நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் சிறுவர்க்கென்றே பாடிவைத்தார். அந்நாளையொட்டி, ஜூலை 16இல், ஸ்பெயின் நாட்டுக் கரையூர்களில் மீனவர் கார்மேல் மாதாவின் திருவுருவைப் படகிலேற்றிக் கடலிற் பவனி கொண்டுசெல்வர். தொழில் ஒன்றாயின் வணக்கமும் ஒருபுடை ஒத்துவரும்போலும்.

ஆயினும் மயிலிட்டியாரின் ஆண்டிலே நெஞ்சை உருக்கும் நாள் ஆடி அமாவாசையே. தந்தையை இழந்தோர் விரதங்காக்கும் நாள் அது. மாவிட்டபுரம் கந்தசுவாமி தீர்த்தமாடக் கீரிமலைக்கு எழுந்தருளுவார். காங்கேசன்துறைக்கு மேற்கே, உவர்க்கடலின் ஓரத்திலேயே நன்னீர் ஊறும் கேணி அது. குதிரை முகங்கொண்ட சோழன் மகள் மாருதப்புரவீகவல்லி அதில் நீராடி அம்முகம் நீங்கினாள். மா விட்ட புரம் ஆதலின் மாவிட்டபுரம் என்பர். மொழிநூலார் இப்பிரிப்பை ஏற்பரோ அறியேன்; கதை இனிது.

போர்க்காலத்தில் கீரிமலைக்குச் செல்லும் வழியும் தடைப்பட்டிருந்தது. அப்பொழுது கிணற்றடியில் முழுகி, எள்ளும் நீரும் இறைத்து, காய்கறி பல சமைத்துக் காகத்துக்குச் சோறிட்டு விரதம் முடித்தவர்கள் உண்டு. வழி திறந்தபின், எள்ளும் தருப்பையும் கொண்டு கேணிப்படியில் வந்தமர்ந்தனர். அவருட் சிலருடைய தந்தையர் முகாமிலேயே இறந்தவர்கள். துறை திறந்ததைக் கண்டிலர். 2017க்குப் பின்னும் ஊர்நிலம் முழுவதும் ஒரே நாளில் திரும்பக் கிடைத்துவிடவில்லை. தர்ப்பணம் முடிந்து படியேறுவோர் கடலைப் பார்த்து நின்று, கிழக்கே கைநீட்டித் தம் பிள்ளைகளுக்கு மயிலிட்டிக் கரையைக் காட்டுவர்.